டிஸ்க் கெடவில்லை, படிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை

கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது’ என்று எழுதுவார்கள். இப்போது பாதிக் கடிதங்கள் ‘புது இயங்குதளம் போட்டேன், பழைய டிஸ்க் திறக்கவில்லை’ என்றே தொடங்குகின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். கோப்பு முறைமை, அதாவது ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கின் பேரேடு. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எத்தனை துண்டாகக் கிடக்கிறது, என்ன பெயர், எப்போது எழுதியது எல்லாம் அதில்தான் பதிவாகும். நான் கம்ப்யூட்டர் பக்கம் வருவதற்கு முன் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். ஒரு கணக்கர் போய் இன்னொருவர் வந்தால் முதல் வாரம் முழுக்க ‘இவர் என்ன எழுதிவைத்திருக்கிறார்’ என்ற புலம்பல்தான் கேட்கும். பேரேடு பத்திரமாகவே இருக்கும், வந்தவருக்கு அந்த முறை புரியாது. இயங்குதளம் மாறும்போது நடப்பதும் அதுதான்.

என் வெளி ஹார்ட் டிஸ்க்கில் 12 வருடப் புகைப்படங்கள் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் மருமகன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டருக்கு மாறினேன். டிஸ்க்கைச் செருகினால் ‘பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. படங்கள் போய்விட்டனவா? (ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்)

டீச்சர், அந்தப் பெட்டியில் ‘கேன்சல்’ என்பதை அழுத்திவிட்டு டிஸ்க்கை முறையாகக் கழற்றி வையுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் படங்கள் அத்தனையும் அங்கேயே இருக்கின்றன.

லினக்ஸில் ஃபார்மேட் செய்த டிஸ்க் பெரும்பாலும் ‘இஎக்ஸ்டி4’ என்ற முறைமையில் இருக்கும். விண்டோஸுக்குத் தானாக அதைப் படிக்கத் தெரியாது. தெரியாத பேரேட்டைப் பார்த்ததும் ‘எனக்கு இது புரியவில்லை’ என்று சொல்லிவிட்டு நின்றிருக்கலாம். ‘கிழித்துவிட்டுப் புதுசாகத் தொடங்கட்டுமா?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை இப்படி வடிவமைத்தவர் மேல் எனக்கு இருபது வருடக் கோபம். காரணம் இருக்கிறது, நானே ஒரு முறை ‘சரி’ என்று அழுத்தியவள். அண்ணனின் டிஸ்க். அவசரத்தில் இருந்தேன், எழுதியிருப்பதை முழுசாகப் படிக்கவில்லை. மீட்பு மென்பொருள் போட்டுப் படங்களை மீட்டுவிட்டோம், ஆனால் பேரேடு போனது போனதுதான். ‘எஃப்’ என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீளமான எண்ணுமாகப் பதினோராயிரம் கோப்புகள். எது எந்த ஊர், எது எந்த வருடம் என்று ஒன்றும் தெரியாது.

உங்களுக்கு இரண்டு வழிகள். பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதுதான் சுலபம். இன்னொரு காலி டிஸ்க்கை ‘எக்ஸ்ஃபேட்’ முறைமையில் ஃபார்மேட் செய்து, பழைய கம்ப்யூட்டரில் இரண்டையும் செருகி, படங்களை நகலெடுங்கள். அந்தக் காலி டிஸ்க்கை விண்டோஸ் தடையின்றித் திறக்கும். பழைய கம்ப்யூட்டர் இல்லையென்றால், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்றைத் தயார் செய்து, புதுக் கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்பி, அதே வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது வழிக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் உள் டிஸ்க் ‘பிட்லாக்கர்’ பூட்டோடு வருகிறது. ஸ்டார்ட் ஆகும் முறையை நீங்கள் மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம். அந்த எண்ணை முதலில் தேடி எழுதிவைத்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள். முடிந்தால் மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கை ஃபார்மேட் செய்தவர் அவர்தானே.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். புது நகலிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக ஐம்பது படங்களையாவது திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிகிறது என்பதால் மட்டும் படம் திறந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அக்கா, புது மேக்கில் என் வெளி டிஸ்க்கை வலது கிளிக் செய்தபோது ‘ஏபிஎஃப்எஸ் முறைக்கு மாற்று’ என்று வந்தது. புதுசுதானே நல்லது என்று மாற்றினேன். இப்போது வீட்டில் உள்ள பழைய மேக், ‘எல் கேப்பிட்டன்’ பதிப்பு, அந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்கிறது. திரும்ப மாற்றுவது எப்படி? (கல்லூரி மாணவர்)

தம்பி, கோப்புகளை வைத்துக்கொண்டே திரும்ப மாற்ற வழி இல்லை. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமையான ‘எச்எஃப்எஸ் பிளஸ்’ஸிலிருந்து அதன் புது முறைமையான ஏபிஎஃப்எஸ்ஸுக்குப் போக அழிக்காமலே ஒரு பாதை வைத்தார்கள். வந்த வழியே திரும்பப் பாதை வைக்கவில்லை.

எச்எஃப்எஸ் பிளஸ் 1998-இல் வந்தது. ஏபிஎஃப்எஸ் 2017-இல் ‘ஹை சியரா’ என்ற இயங்குதளப் பதிப்போடு மேக் கணினிகளுக்குப் பரவலாக வந்தது. அந்த அப்கிரேடின்போது உள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகை டிஸ்க், இருந்தால் கேட்காமலே மாற்றிவிட்டது. அடுத்த வருடம் ‘மொஹாவி’ சுழலும் டிஸ்க்குகளையும் மாற்றியது. ஆனால் மாற்றியதெல்லாம் இயங்குதளம் குடியிருக்கும் டிஸ்க்கைத்தான். வெளி டிஸ்க்கில் அது தானாகக் கை வைக்கவில்லை. நீங்கள்தான் வைத்தீர்கள். ‘எல் கேப்பிட்டன்’ 2015-இல் வந்தது. அப்போது ஏபிஎஃப்எஸ் பிறக்கவே இல்லை, அதை எப்படிப் படிக்கும்?

பழைய மேக் ‘இனிஷியலைஸ், இக்னோர், எஜெக்ட்’ என்று மூன்று பொத்தான்களைக் காட்டியிருக்கும். முதலாவதை அழுத்தினால் உடனே அழிந்துவிடாது, டிஸ்க் யுட்டிலிட்டி திறக்கும். ஆபத்து அங்கே அடுத்த கிளிக்கில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். எல்லாவற்றையும் புது மேக்கில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, இந்த டிஸ்க்கை ‘மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டெட் – ஜர்னல்டு’ என்ற வகையில் அழித்து ஃபார்மேட் செய்து, மறுபடி ஏற்றுங்கள். எச்எஃப்எஸ் பிளஸ்ஸுக்கு அங்கே அதுதான் பெயர். இரண்டு மேக்கும் படிக்கும், இரண்டும் எழுதும்.

‘டைம் மெஷின்’ பேக்கப்புக்குத் தனி டிஸ்க் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். 2020-இல் வந்த ‘பிக் சர்’ முதல், புதிதாக ஒரு டிஸ்க்கைக் கொடுத்தால் அது ஏபிஎஃப்எஸ்ஸாகத்தான் தயார் செய்யும். அந்த பேக்கப்பைப் பழைய மேக்கில் திறந்து பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மேக்கிலிருந்து லினக்ஸுக்கு மாறினேன். தமிழில் பெயர் வைத்த கோப்புறைகளை வெளி டிஸ்க் வழியாக ஒரு முறையும், நெட்வொர்க்கில் இருந்த பழைய நகலிலிருந்து ஒரு முறையும் கொண்டுவந்தேன். ‘பாடம்’, ‘கதை’, ‘படங்கள்’ எல்லாம் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்துவிட்டன. ஆனால் ‘தொகுப்பு’ இரண்டு இருக்கிறது, ‘கோப்புகள்’ இரண்டு இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு கோப்புறை எப்படி இருக்க முடியும்? தேடினாலும் ஒன்றுதான் கிடைக்கிறது. பேய் பிடித்ததா? (மொழிபெயர்ப்பாளர் ஒருவர்)

இந்த வருடத்தில் எனக்கு வந்த கடிதங்களிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கடிதம். விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இரட்டித்த பெயர்களைப் பாருங்கள்: ‘தொ’, ‘கோ’. இரட்டிக்காதவற்றில் ஒகர, ஓகார எழுத்தே இல்லை.

‘கோ’ என்பதை யூனிகோடில், அதாவது எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பொதுக் குறியீட்டு முறையில், இரண்டு விதமாக எழுதலாம். ‘க’ போட்டு, ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடுவது ஒன்று. ‘க’ போட்டு, இரட்டைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘கொ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே கதைதான். மற்ற உயிர்க்குறிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்து எழுதும் வடிவத்தில்தான் சேமித்தது. நீங்கள் சேர்த்துத் தட்டச்சு செய்தாலும் அது பிரித்து வைத்துக்கொள்ளும். மேக்குக்குள் இருக்கும்வரை தெரியாது, ஏனென்றால் அது இரண்டையும் ஒன்றாகவே கருதும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வழக்கமாக அப்படி எதுவும் பார்ப்பதில்லை. பைட்டுக்குப் பைட்டு ஒத்திருந்தால்தான் அதற்கு ஒரே பெயர். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் இந்த விஷயத்தில் அப்படித்தான். உங்களுடைய ஒரு நகல் பிரித்த வடிவில் வந்திருக்கிறது, இன்னொன்று வழியில் எங்கோ சேர்த்த வடிவுக்கு மாறியிருக்கிறது. நீங்கள் தேடும்போது விசைப்பலகை சேர்த்த வடிவைக் கொடுக்கிறது. ஆகவே அந்தக் கோப்புறை மட்டும் கிடைக்கிறது.

லினக்ஸில் ‘கன்வ்எம்வி’ என்று ஒரு சிறு கருவி உண்டு. பெயர்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். சேர்த்த வடிவத்தைக் குறிக்கும் ‘என்எஃப்சி’ என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். அதில் எனக்குப் பிடித்த ஒரு குணம், முதல் முறை ஓட்டினால் எதையும் மாற்றாது, என்ன மாற்றப்போகிறது என்று காட்டும். ‘சோதனை வேண்டாம்’ என்று நீங்கள் தனியாகச் சொன்னால்தான் கை வைக்கும். ஆனால் இரட்டைக் கோப்புறைகளை முதலில் நீங்களே திறந்து பார்த்து ஒன்றாக்கிவிடுங்கள். பெயர் மாற்றும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அது அங்கே முட்டி நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் இது கட்டாயம் வரும். இஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு, அதனால் அவர்களுக்கு இது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. ‘தொகுப்பு’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 4 எழுத்து, உள்ளே 8 குறியீடுகள், 24 பைட்டுகள். பிரித்த வடிவில் 27. இந்தக் கணக்கில் நாற்பது சொச்சம் எழுத்துகளிலேயே பெயர் முட்டிவிடும். என்டிஎஃப்எஸ்ஸில் எண்ணுவது பைட்டுகளை அல்ல, 255 குறியீடுகளை. அங்கே நிம்மதியாக இருந்த ஒரு நீளமான தமிழ்ப் பெயர், லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது ‘பெயர் நீளம் அதிகம்’ என்ற பிழையோடு நின்றுவிடும். நூறு கோப்புகளை மொத்தமாக அனுப்பும்போது நடுவில் நாலு விடுபட்டால் யார் கவனிக்கிறார்கள்? கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

விண்டோஸ் 11 நிறுவ பென் டிரைவ் தயார் செய்கிறேன். 32 ஜிபி பென் டிரைவ், முழுக்கக் காலி. ஆனாலும் ஒரு கோப்பை மட்டும் ‘இடத்துக்கு மிகப் பெரியது’ என்று ஏற்க மறுக்கிறது.

உங்கள் பென் டிரைவ் ‘ஃபேட் 32’ முறைமையில் இருக்கிறது. அதன் பேரேட்டில் கோப்பின் அளவை எழுதும் கட்டம் 32 பிட் அகலம்தான். 4 ஜிபிக்கு ஒரு பைட்டு குறைவாக, அவ்வளவுதான் அதில் எழுத முடியும். நிறுவும் கோப்பான ‘இன்ஸ்டால்.விம்’ அதைத் தாண்டிவிடுவது உண்டு. என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றினால் கோப்பு ஏறும், ஆனால் பல கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து கிளம்பாது. மைக்ரோசாஃப்ட்டே கொடுக்கும் ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் தயாரியுங்கள். கையால் நகலெடுக்கும் வீரம் வேண்டாம்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். விண்டோஸை 11-க்கு ஏற்றிய பிறகு, லினக்ஸில் ‘டி’ டிரைவைத் திறக்கலாம், ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை.

லினக்ஸ் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, திட்டாதீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, பாதித் தூக்கத்துக்குப் போகிறது. பேரேட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்துபோன மாதிரி. அந்த நேரத்தில் இன்னொருவர் அதில் எழுதினால், முதல் ஆள் திரும்பி வந்து தன் நினைவில் இருந்ததை மேலே எழுதுவார், கணக்கு குழம்பும். அதனால் லினக்ஸ் ‘படிக்கிறேன், எழுத மாட்டேன்’ என்கிறது.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். பழைய பதிப்பில் அணைத்துத்தானே வைத்திருந்தேன் என்பீர்கள். இருக்கலாம். பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் மறுபடி போய்ப் பார்ப்பது நல்லது. லினக்ஸில் வலுக்கட்டாயமாக எழுதவைக்கும் கட்டளையை யாராவது சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு பதிப்பிலும் பழையதைத் தூக்கி எறிகிறார்கள். இது நம்மைப் புதுசு வாங்க வைக்கும் சதி இல்லையா?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு நான் கணக்குப் பிரிவுக்காரியாகப் பதில் சொல்கிறேன்.

பொதுவாகப் புதியது பழையதைப் படிக்கும், பழையதுக்குத்தான் புதியது புரியாது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் இன்றைக்கும் ஓடுகிறது, நடுவில் பதிப்பு மட்டும் ஏறியிருக்கிறது. ஃபேட் குடும்பத்தின் வேர் 1970-களின் கடைசியில் இருக்கிறது. அதைப் படிக்காத இயங்குதளம் இன்று தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

கைவிடுவதும் உண்டு. ஆப்பிளின் பழைய ‘எச்எஃப்எஸ்’, அதாவது பிளஸ் இல்லாதது, 1985-இல் வந்தது. அதில் எழுதும் வசதியை 2009-இல் எடுத்தார்கள், படிக்கும் வசதியை 2019-இல் ‘கேட்டலினா’வில் எடுத்தார்கள். பத்து வருட நோட்டீஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் ‘ரெய்சர் எஃப்எஸ்’ஸும் போய்விட்டது. 2022-இல் எச்சரித்தார்கள், 2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில் (லினக்ஸின் மைய நிரல்) அது இல்லை. லினக்ஸ் கெர்னலை யாரும் நமக்கு விற்பதில்லை, அங்கே சதி செய்து யாருக்கு லாபம்? ஒரு முறைமையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனால், அந்த நிரல் மற்ற மாற்றங்களுக்குத் தடையாகக் கிடக்கும். ஒரு கட்டத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ‘இந்த டிஸ்க் இன்ன முறைமையில் இருக்கிறது, எனக்கு இதைப் படிக்க வராது’ என்று ஒரு வரி சொல்வதற்குப் பதிலாக ஃபார்மேட் பொத்தானை நீட்டுகிறார்களே, அதற்குத்தான்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்க, டிஸ்க்கை எந்த முறைமையில் வைக்கலாம்?

எடுத்துப்போக, கொண்டுவர என்றால் எக்ஸ்ஃபேட். 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸ், மேக் இரண்டும் பல வருடங்களாக எழுதவும் படிக்கவும் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது, அதே வருடம் லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ‘ஜர்னல்’, அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைக்கும் குறிப்பேடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் பாதி எழுதிய பேரேடு அப்படியே நிற்கும். என் ஒரே பேக்கப்பை நான் அதில் வைக்க மாட்டேன். விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்குக்கு அதற்கானது, லினக்ஸுக்கு இஎக்ஸ்டி4 என்று பேக்கப் டிஸ்க்குகளை அந்தந்த வீட்டு முறைமையிலேயே வைத்து, மேலே ஒரு சீட்டில் என்ன முறைமை, எந்த இயங்குதளம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேடம், உங்கள் பதில் வருவதற்குள் நான் ஃபார்மேட் அழுத்திவிட்டேன். இனி ஏதாவது செய்யலாமா?

அழுத்தியது ‘குவிக் ஃபார்மேட்’ என்றால் வாய்ப்பு இருக்கிறது. அது பேரேட்டை மட்டும்தான் புதுசாக எழுதும், சரக்கு பெரும்பாலும் பழைய இடத்திலேயே கிடக்கும். குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்திருந்தால், விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அங்கே தேட ஒன்றும் மிஞ்சாது. சுழலும் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதும் முக்கியம். எஸ்எஸ்டி பல சமயம் காலி என்று சொன்ன இடத்தை உடனே துடைத்துவிடும்.

இப்போதே டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஒரு கோப்பைக்கூட அதில் எழுதாதீர்கள், மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவாதீர்கள். மீட்பதை வேறொரு டிஸ்க்கில் போடச் சொல்லுங்கள். பழைய முறைமை எது என்று மென்பொருளுக்குச் சொல்ல முடிந்தால், கோப்புறைகளும் பெயர்களும் ஓரளவு திரும்பலாம். அப்படி வரவில்லை என்றால் படங்கள் எண்களோடு வந்து குவியும். கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்த தேதி அழியாமல் இருக்கும், அதை வைத்து வருடவாரியாகப் பிரிக்கும் மென்பொருள்கள் உண்டு. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அண்ணன் அதற்குள் மூவாயிரம் படங்களைக் கையாலேயே பிரித்து முடித்திருந்தார்.